தட்டு இடைவெளி மாறினால் மின்தேக்குத்திறனைக் கணக்கிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணைத்தட்டு மின்தேக்கிப் பாடம் பிளஸ் டூவில் ஒரே ஒரு சூத்திரத்தோடு முடிந்துவிடுகிறது. அந்தச் சூத்திரத்தில் இடைவெளி என்பது மாறாத ஓர் எண். ஆனால் நுழைவுத் தேர்வுகளிலும் சரி, உண்மையான கருவிகளிலும் சரி, தட்டு சாய்ந்திருக்கும், வளைந்திருக்கும், அதிரும், இழுபடும். அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் ஒரே இடத்தில்: இடைவெளியின் சராசரியை எடுத்துச் சூத்திரத்தில் போட்டுவிடுகிறார்கள். மாணவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எழுத வசதியாகச் சில குறியீடுகள். மின்தேக்குத்திறன் (ஒரு வோல்ட்டுக்கு மின்தேக்கி பிடித்து வைக்கும் மின்னூட்டம்) தே, தட்டின் பரப்பு ப, இடைவெளி இ, வெற்றிடத்தின் விடுதிறன் என்ற மாறிலி வி. வி-யின் மதிப்பு மீட்டருக்கு 8.854 × 10⁻¹² ஃபாரட். காற்றுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம், வித்தியாசம் 0.1 சதவீதத்துக்கும் கீழே. மடக்கை என்று வரும் இடமெல்லாம் இயல் மடக்கை. கால்குலேட்டரில் பத்தடிமான மடக்கைப் பொத்தானை அழுத்தினால் விடை 2.303 மடங்கு குறைந்துவிடும், இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. எடுத்துக்காட்டுகளில் வேறு சொல்லாவிட்டால் தட்டு 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரம், நடுவில் காற்று.

முதலில், இடைவெளி மாறாதபோது கணக்கு என்ன?

தே = வி × ப ÷ இ

நம் சதுரத் தட்டுகளை 1 மி.மீ. தள்ளி வைத்தால் 88.54 பிகோஃபாரட். 2 மி.மீ. என்றால் பாதி, 44.27. இ என்பது வகுக்கும் இடத்தில் இருக்கிறது, இதை மட்டும் மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்தப் பக்கத்தில் வரும் பாதிச் சிக்கல்கள் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

இந்த எண்கள் எவ்வளவு சிறியவை என்பதையும் ஒருமுறை பார்த்துவிடலாம். வீட்டு மின்விசிறியில் எலக்ட்ரீஷியன் மாற்றிப் போடும் கண்டன்சர் (மின்தேக்கியின் கடைப் பெயர்தான் இது) பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். அதே அளவை 1 மி.மீ. காற்று இடைவெளியில் செய்யப் பார்த்தால் ஒவ்வொரு தட்டும் சுமார் 282 சதுர மீட்டர் வேண்டும், அதாவது கிட்டத்தட்ட 7 சென்ட் மனை. உண்மையான கண்டன்சர் கைக்குள் அடங்குவதற்குக் காரணம், உள்ளே சுருட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைவிட மெல்லியது என்பதுதான்.

"இடைவெளி மாறுகிறது" என்றால் எந்த மாற்றத்தைச் சொல்கிறார்கள்?

இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் வழி வேறு. ஒன்று, நேரத்தோடு மாறுவது: தட்டு எங்கும் இணையாகத்தான் இருக்கிறது, ஆனால் நாம் அதை இழுக்கிறோம், அல்லது அது அதிர்கிறது. இன்னொன்று, இடத்தோடு மாறுவது: தட்டு அசையவில்லை, ஆனால் ஒரு முனையில் 1 மி.மீ., மறுமுனையில் 3 மி.மீ. என்று சாய்ந்தோ வளைந்தோ இருக்கிறது. முதல் வகையில் எது மாறாமல் இருக்கிறது, மின்னூட்டமா மின்னழுத்தமா என்று கேட்க வேண்டும். இரண்டாவது வகையில் கூட்டல் போட வேண்டும். கணக்கைப் படித்தவுடன் இது எந்த வகை என்று ஓரத்தில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

தட்டுகளை விலக்கினால் மின்னழுத்தம் கூடுமா, அப்படியே இருக்குமா?

பேட்டரி இணைப்பில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. இதைப் படிக்காமலே விடை எழுதத் தொடங்குபவர்கள்தான் அதிகம்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு விலக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 1 மி.மீ. இடைவெளியில் 100 வோல்ட்டுக்கு ஏற்றினால் மின்னூட்டம் 8.854 நானோகூலும். கம்பியைக் கழற்றியாயிற்று, இனி அந்த மின்னூட்டம் போக வழியே இல்லை. 2 மி.மீ.க்கு இழுத்தால் தே பாதியாகிறது, மின்னூட்டம் அப்படியே, ஆகவே மின்னழுத்தம் 200 வோல்ட். நடுவில் உள்ள மின்புலம் மட்டும் மாறவே இல்லை, ஏனென்றால் அது தட்டில் சதுர மீட்டருக்கு எவ்வளவு மின்னூட்டம் என்பதைப் பொறுத்தது, இடைவெளியைப் பொறுத்ததல்ல.

இந்தச் சங்கதி புதிதல்ல. 1782இல் அலெசாண்ட்ரோ வோல்டா இதையே ஒரு கருவியாக்கினார். மெல்லிய காப்புப் படலத்தின் மேல் ஒரு உலோகத் தட்டை வைத்து, மிகப் பலவீனமான மின்மூலத்தால் அதை ஏற்றி, பிறகு மூலத்தைத் துண்டித்துவிட்டுத் தட்டை மேலே தூக்குவார். தூக்கத் தூக்க மின்னழுத்தம் ஏறி, முதலில் மின்காட்டியின் (மின்னூட்டம் இருப்பதைக் காட்டும் கருவி) இதழ்களை அசைக்கக்கூட முடியாத மின்னூட்டம் இப்போது அவற்றை நன்றாக விலக வைக்கும். நம் ஊர்க் கடைகளில் இன்றும் புழங்கும் கண்டன்சர் என்ற பெயரே அந்தக் கருவிக்கு அவர் வைத்த பெயரிலிருந்து வந்ததுதான்.

பேட்டரி இணைப்பிலேயே இருந்தால் கதை வேறு. 100 வோல்ட் மாறாது, மின்னூட்டம்தான் 8.854இலிருந்து 4.427 நானோகூலுமாகக் குறையும். மின்புலமும் பாதியாகும்.

பேட்டரி இணைத்திருக்கும்போது விலக்கினால் ஆற்றல் குறைகிறதே. நான் கையால் வேலை செய்தேன், அந்த ஆற்றல் எங்கே போனது?

நல்ல கேள்வி, கணக்கை முழுதாகப் போட்டால்தான் மனம் ஒப்பும். தொடக்கத்தில் மின்தேக்கியில் 0.4427 மைக்ரோஜூல். இடைவெளி 2 மி.மீ. ஆனதும் 0.2214. மின்தேக்கி 0.2214 இழந்திருக்கிறது. தட்டுகள் ஒன்றையொன்று இழுக்கின்றன, அந்த இழுவிசைக்கு எதிராக உங்கள் கை செய்த வேலையும் 0.2214 மைக்ரோஜூல். இரண்டும் சேர்ந்து 0.4427. இது அப்படியே பேட்டரிக்குள் போயிருக்கிறது: 4.427 நானோகூலும் 100 வோல்ட்டுக்கு எதிராகப் பேட்டரிக்குத் திரும்பியது, பெருக்கிப் பாருங்கள், 0.4427 மைக்ரோஜூல் வரும். பேட்டரியை ஆற்றல் தரும் பொருளாக மட்டுமே நினைத்திருப்பவர்களுக்குத்தான் இதில் குழப்பம். அது வாங்கிக்கொள்ளவும் செய்யும்.

பேட்டரி இல்லாத வகையில் இவ்வளவு சுற்று இல்லை. ஆற்றல் 0.4427இலிருந்து 0.8854 ஆகிறது, கூடியதெல்லாம் உங்கள் கையின் வேலை. விசை 4.427 × 10⁻⁴ நியூட்டன், இழுக்கும் தூரம் முழுக்க மாறாதது.

சாய்ந்த தட்டுக்குச் சராசரி இடைவெளியைப் போட்டால் என்ன தவறு?

இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

நம் சதுரத் தட்டின் ஒரு விளிம்பில் இடைவெளி 1 மி.மீ., எதிர் விளிம்பில் 3 மி.மீ. சராசரி 2 மி.மீ., ஆகவே 44.27 பிகோஃபாரட் என்று எழுதுவார்கள். தவறு. சரியான விடை 48.64. கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு கூடுதல்.

ஏன் என்று பார்ப்போம். தட்டை விளிம்புக்கு இணையாக மெல்லிய பட்டைகளாக வெட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள், வாழை நாரைக் கிழிப்பதுபோல. ஒவ்வொரு பட்டையும் தனக்கான இடைவெளி கொண்ட ஒரு குட்டி மின்தேக்கி. குறுகிய முனையில் உள்ள பட்டை, அகன்ற முனையில் உள்ள பட்டையைவிட மூன்று மடங்கு மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கிறது. அதாவது குறுகிய பக்கம் தரும் லாபம், அகன்ற பக்கம் தரும் நட்டத்தைவிட எப்போதும் பெரியது. நாம் கூட்ட வேண்டியது இடைவெளிகளை அல்ல, அவற்றின் தலைகீழ் மதிப்புகளை. சராசரியின் தலைகீழும் தலைகீழ்களின் சராசரியும் ஒன்றல்ல. இரண்டாவது எப்போதும் பெரியது. அதனால்தான் சராசரி இடைவெளியைப் போட்டவர்களின் விடை எப்போதும் குறைவாகவே வரும், ஒருபோதும் அதிகமாக வராது. இது கைவசம் வைத்திருக்க வேண்டிய ஒரு சோதனை.

குறுகிய முனையில் இடைவெளி இ1, அகன்ற முனையில் இ2, இடையில் நேர்கோடாகக் கூடுகிறது என்றால், பட்டைகளைத் தொகையிட்டதும் வருவது:

தே = வி × ப × மடக்கை(இ2 ÷ இ1) ÷ (இ2 − இ1)

நம் எண்களுக்கு மடக்கை(3) என்பது 1.0986, இ2 − இ1 என்பது 2 மி.மீ. ஆக 44.27 × 1.0986 = 48.64. வேறு விதமாகச் சொன்னால் இந்தச் சாய்ந்த மின்தேக்கி, 1.82 மி.மீ. இடைவெளி உள்ள நேரான மின்தேக்கிக்குச் சமம்.

இன்னொன்றையும் பாருங்கள். மொத்த மின்னூட்டத்தில் பாதி எங்கே இருக்கிறது? நடுவில் இல்லை. குறுகிய விளிம்பிலிருந்து 3.66 செ.மீ.க்குள்ளேயே பாதி அடங்கிவிடுகிறது, மீதிப் பாதி எஞ்சிய 6.34 செ.மீ.யில் பரவிக் கிடக்கிறது. (இ1, இ2 இரண்டின் பெருக்கல் சராசரி 1.732 மி.மீ.; இடைவெளி அந்த மதிப்பைத் தொடும் இடம் அது.) இந்தப் படம் மனதில் வந்துவிட்டால் சராசரி போடும் பழக்கம் தானாகவே நின்றுவிடும்.

சூத்திரம் சரியா என்று பார்க்க, இ2-வை இ1-க்கு மிக அருகே கொண்டுவாருங்கள். 1 மி.மீ., 1.001 மி.மீ. என்று போட்டுப் பார்த்தால் 88.5 வரும், பழைய சூத்திரத்துக்கே திரும்பிவிடும். இரண்டும் சரியாகச் சமமானால் சுழியைச் சுழியால் வகுப்பதாகத் தோன்றும், பயப்பட வேண்டாம், எல்லை எடுத்தால் அதே விடைதான்.

பட்டைகளைப் பக்க இணைப்பாக எடுக்க வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஏன் தொடரிணைப்பு இல்லை?

மின்புலக் கோடு எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். மேல் தட்டிலிருந்து கிளம்பிய ஒரு கோடு ஒரே ஒரு பட்டைக்குள் போய்க் கீழ்த் தட்டை அடைந்துவிட்டால் அது பக்க இணைப்பு. எல்லாப் பட்டைக்கும் மேலே அதே உலோகம், கீழே அதே உலோகம், ஆகவே மின்னழுத்தம் பொது. சாய்ந்த தட்டு அப்படித்தான். மாறாக, ஒரே கோடு ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்குகளைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால், உதாரணமாகப் பாதி உயரம் கண்ணாடி, பாதி உயரம் காற்று என்றால், அது தொடரிணைப்பு. படம் வரைந்து ஒரே ஒரு கோடு போட்டாலே போதும்.

சில புத்தகங்களில் மடக்கையே இல்லாமல் ஒரு விடை இருக்கிறதே?

ஆமாம், சாய்வு மிகச் சிறியது என்று வைத்துக்கொண்டு எழுதிய தோராய விடை அது:

தே ≈ (வி × ப ÷ இ1) × [1 − (இ2 − இ1) ÷ (2 × இ1)]

இ1 = 1 மி.மீ., இ2 = 1.1 மி.மீ. என்றால் தோராய விடை 84.11, சரியான விடை 84.39. வித்தியாசம் மிகச் சிறிது, தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் நம் 1 மி.மீ., 3 மி.மீ. தட்டுக்கு இதையே போட்டுப் பாருங்கள்: அடைப்புக்குறிக்குள் 1 − 1, விடை சுழி! கண்முன்னே இரண்டு தட்டுகள் இருக்கின்றன, மின்தேக்குத்திறன் சுழியாக இருக்க முடியாது. தோராயச் சூத்திரத்தை அதன் நிபந்தனையோடு சேர்த்துத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். வினாவில் "கோணம் மிகச் சிறியது" என்றிருந்தால், அந்தக் கோணத்தை எதோடு ஒப்பிட்டுச் சிறியது என்கிறார்கள் என்று பாருங்கள். நம் தட்டின் சாய்வு வெறும் 0.02 ரேடியன், ஒரு டிகிரியைவிடச் சற்றே கூட, கண்ணுக்குச் சிறியதுதான். ஆனால் முனை உயர்ந்த அளவு இ1-ஐப் போல இரண்டு மடங்கு. ஒப்பிட வேண்டியது இதைத்தான்.

படிக்கட்டுபோல இடைவெளி மாறினால்?

இது எளிது. ஒவ்வொரு படியையும் தனி மின்தேக்கியாக எடுத்துக் கூட்டுங்கள். பாதித் தட்டு 1 மி.மீ., பாதி 3 மி.மீ. என்றால் 44.27 + 14.76 = 59.03 பிகோஃபாரட். எங்கும் 2 மி.மீ. என்றால் 44.27, சாய்வு என்றால் 48.64, படி என்றால் 59.03: மூன்றுக்கும் சராசரி இடைவெளி ஒன்றே, விடை மட்டும் மூன்று.

வளைந்த தட்டு, உதாரணமாக மைக்கின் சவ்வு, என்றால்?

வட்டமான சவ்வு ஓரத்தில் இறுகப் பிடிக்கப்பட்டு, நடுவில் கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சீரான அழுத்தத்தில் இழுத்துக் கட்டிய சவ்வின் உருவம் ஒரு பரவளையம். இங்கே பட்டைக்குப் பதிலாக வளையங்களாக வெட்ட வேண்டும். போட்டுப் பார்த்தால் ஓர் அழகான விஷயம் வரும்: சாய்ந்த சதுரத் தட்டுக்கு வந்த அதே மடக்கைச் சூத்திரம்தான். மிகக் குறைந்த இடைவெளியை இ1 என்றும் மிக அதிகமானதை இ2 என்றும் போட்டால் போதும். காரணம், வளையத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது, பரவளையத்தில் இடைவெளியும் ஆரத்தின் வர்க்கத்தோடுதான் கூடுகிறது, ஆகவே பரப்பை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் இடைவெளி நேர்கோடாகவே மாறுகிறது.

ஓரத்தில் 25 மைக்ரான், நடுவில் 20 மைக்ரான் என்றால், தட்டையாக இருந்ததைவிட மின்தேக்குத்திறன் சுமார் 11.6 சதவீதம் கூடும். முழுச் சவ்வும் 5 மைக்ரான் உள்ளே போயிருந்தால் 25 சதவீதம் கூடியிருக்கும்.

சாய்வாக நிரப்பிய மின்காப்புப் பொருள் இருந்தால் என்ன செய்வது?

தட்டுகள் இணையாக இருக்கும், ஆனால் நடுவில் ஆப்பு வடிவில் ஒரு மின்காப்புப் பொருள், மூலைக்கு மூலை. நுழைவுத் தேர்வுகளுக்கு மிகப் பிடித்த கணக்கு இது. இதைப் புதுக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஒரு சிறு விதி. ஒப்புமை விடுதிறன் (வெற்றிடத்தின் விடுதிறனைப் போல எத்தனை மடங்கு என்ற எண்) ஒ உள்ள பொருள் ஒரு தடிமனுக்கு இருந்தால், அது தடிமன் ÷ ஒ அளவு காற்றுக்குச் சமம். ஒப்புமை விடுதிறன் 5 உள்ள 0.5 மி.மீ. கண்ணாடியை 1 மி.மீ. இடைவெளியில் வைத்தால், மின்தேக்கியைப் பொறுத்தவரை இடைவெளி 0.5 + 0.1 = 0.6 மி.மீ., தே = 147.6 பிகோஃபாரட். கண்ணாடி மேல் தட்டை ஒட்டியிருக்கிறதா, நடுவில் மிதக்கிறதா என்பது கணக்கில் வராது. உலோகத் தகடு என்றால் அதன் தடிமனை அப்படியே கழித்துவிடலாம்.

இப்போது ஆப்புக்கு வருவோம். ஒரு விளிம்பில் முழுவதும் காற்று, அங்கே சமான இடைவெளி இ. எதிர் விளிம்பில் முழுவதும் மின்காப்பு, அங்கே சமான இடைவெளி இ ÷ ஒ. நடுவில் நேர்கோடாக மாறுகிறது. அப்படியானால் இது சாய்ந்த தட்டேதான்! இ1 என்ற இடத்தில் இ ÷ ஒ, இ2 என்ற இடத்தில் இ என்று போட்டால்:

தே = (வி × ப ÷ இ) × ஒ × மடக்கை(ஒ) ÷ (ஒ − 1)

ஒ = 4 என்றால் காற்று மட்டும் இருப்பதைவிட 1.848 மடங்கு. விடை நியாயமானதா என்று பார்க்க எல்லைகள் உண்டு: அதே அளவு பொருளைக் கிடைமட்டமாகப் பாதி உயரத்துக்குப் பரப்பினால் 1.6 மடங்கு, செங்குத்தாகப் பாதிப் பரப்புக்கு நிரப்பினால் 2.5 மடங்கு. ஆப்பு இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும், வருகிறது.

தட்டு அதிர்ந்தால் சராசரி மின்தேக்குத்திறன் என்ன?

மறுபடியும் அதே பொறி. இடைவெளி 1 மி.மீ.யைச் சுற்றி மேலும் கீழும் 0.5 மி.மீ. சைன் அலையாக அசைகிறது என்றால், சராசரி இடைவெளி 1 மி.மீ. தான், ஆனால் சராசரி மின்தேக்குத்திறன் 88.54 அல்ல, அதைப் போல 1.155 மடங்கு, சுமார் 102.2 பிகோஃபாரட். பொதுவாக, அதிர்வின் வீச்சு வீ என்றால் சூத்திரத்தில் இ இருந்த இடத்தில் (இ² − வீ²) என்பதன் வர்க்கமூலம் வரும்.

அப்படியானால் கண்டன்சர் மைக் ஒலியைத் திரிக்காமல் எப்படித் தருகிறது என்று ஒரு மாணவி கேட்டார், கேட்க வேண்டிய கேள்வி. மைக்கில் நாம் மின்தேக்குத்திறனை அளப்பதில்லை. மிகப் பெரிய மின்தடை வழியாகச் சவ்வுக்கு மின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். 50 பிகோஃபாரட்டுக்கு ஒரு கிகா ஓம் என்றால் கால மாறிலி, அதாவது மின்னூட்டம் ஏறி இறங்க ஆகும் நேரத்தின் அளவு, 0.05 நொடி. ஒலி அதிர்வு அதைவிட வேகமானது, மின்னூட்டம் போய்வர நேரமே இல்லை, ஆகவே அது மாறாத எண்தான். மின்னூட்டம் மாறாவிட்டால் மின்னழுத்தம் இடைவெளிக்கு நேர்விகிதம்! தலைகீழ் உறவு காணாமல் போய்விடுகிறது. வோல்டா தூக்கிய தட்டை இங்கே குரல் தூக்குகிறது.

எட்வர்ட் வென்டே 1916இல் உருவாக்கிய கண்டன்சர் மைக் இந்த வழியில் வந்தது. அதற்கு வெளியிலிருந்து உயர் மின்னழுத்தம் தர வேண்டியிருந்தது. 1962இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் மின்னூட்டத்தை நிரந்தரமாகப் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் படலத்தால் எலக்ட்ரெட் மைக்கைச் செய்தார்கள், அந்தத் தேவை போய்விட்டது.

ஒரு தட்டு ஸ்பிரிங்கில் தொங்கினால்?

மின்னழுத்தம் தந்ததும் தட்டு இழுபடும், இழுபட்டால் இடைவெளி குறையும், குறைந்தால் இழுவிசை இன்னும் கூடும். மின் இழுவிசை இடைவெளியின் வர்க்கத்துக்குத் தலைகீழாக ஏறுகிறது, ஸ்பிரிங்கோ நேர்கோடாகத்தான் எதிர்க்கிறது. தொடக்க இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு நகரும் வரை இரண்டும் சமாளிக்கும், அதற்கு மேல் ஒரு துளி வோல்ட் கூட்டினாலும் தட்டு படாரென்று போய் ஒட்டிக்கொள்ளும். தட்டின் அளவு, ஸ்பிரிங்கின் விறைப்பு எதுவாக இருந்தாலும் அந்த மூன்றில் ஒரு பங்கு மாறாது. நகர்வை ந என்று வைத்து ந × (இ − ந)² என்பதன் உச்சம் எங்கே என்று வகையிட்டால் ந = இ ÷ 3 என்று நீங்களே காணலாம்.

ஃபோனில் இருக்கும் முடுக்கமானியும் (ஃபோனின் அசைவை உணரும் கருவி) இதுதானா?

பெரும்பாலானவை இதே தத்துவம்தான். நடுவில் அசையும் ஒரு சிலிக்கன் தட்டு, இரு பக்கமும் அசையாத தட்டுகள். நடுத்தட்டு ந தூரம் நகர்ந்தால் ஒரு பக்க இடைவெளி இ − ந, மறுபக்கம் இ + ந. இரண்டு மின்தேக்குத்திறன்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் எல்லாம் அடிபட்டுப்போய் ந ÷ இ மட்டும் மிஞ்சும். தோராயம் எதுவும் இல்லை, பரப்பு கூட விடையில் இல்லை. இரண்டு வரிதான், தாளில் போட்டுப் பாருங்கள்.

இடைவெளியை இரட்டிப்பாக்கினேன், அளந்தால் தே பாதியாகவில்லை. என் மீட்டர் பழுதா?

மீட்டரைக் குறை சொல்லும் முன் ஓரத்தைப் பாருங்கள். தட்டின் விளிம்பில் மின்புலக் கோடுகள் வெளியே பிதுங்கி வளைந்து போகின்றன, அவையும் மின்னூட்டத்தைப் பிடிக்கின்றன. இடைவெளி கூடக்கூட அந்தப் பங்கு பெரிதாகும். வட்டத் தட்டுகளுக்குக் கிர்க்காஃப் 1877இல் தந்த திருத்தம், வழக்கமான விடையோடு இதைக் கூட்டச் சொல்கிறது:

வி × ஆரம் × [மடக்கை(16 × பை × ஆரம் ÷ இ) − 1]

5 செ.மீ. ஆரம், 1 மி.மீ. இடைவெளி என்றால் 69.5-உடன் 3.0 பிகோஃபாரட், 4 சதவீதம் கூடுதல். அதே தட்டு 5 மி.மீ. இடைவெளியில் 13.9-உடன் 2.3, அதாவது 17 சதவீதம். 10 மி.மீ. என்றால் 29 சதவீதம். இடைவெளி தட்டின் ஆரத்தில் நூற்றில் ஒரு பங்குக்குள் இருக்கும்வரை ஓரத்தை மறந்துவிடலாம் என்பது என் வழக்கம், அதைத் தாண்டினால் மறக்கக் கூடாது.

வீட்டில் செய்து பார்க்க முடியுமா?

முடியும், கட்டாயம் செய்யுங்கள். மின்தேக்குத்திறன் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர், சமையலறை அலுமினியத் தாள், ஒரு கட்டு ஏ4 தாள், கனமான இரண்டு புத்தகங்கள் போதும். அலுமினியத் தாளை ஏ4 அளவைவிடக் கொஞ்சம் சிறிதாக இரண்டு துண்டு வெட்டி, சுருக்கம் இல்லாமல் அட்டையில் ஒட்டுங்கள். நடுவில் ஒரு தாள், மேலே புத்தகம், அளவு எழுதுங்கள். பிறகு இரண்டு தாள், மூன்று தாள் என்று பத்து வரை போங்கள். சாதாரண ஏ4 தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ., ஆகவே ஒரு தாளுக்கு விடை சில நானோஃபாரட் வரும், எளிய மீட்டரே காட்டிவிடும். தட்டு எதையும் இணைக்காமல் வெறும் கம்பிகள் காட்டும் அளவை முதலில் குறித்து, எல்லா அளவுகளிலிருந்தும் கழித்துவிடுங்கள்.

வரைபடம் போடும்போது தே-யை அல்ல, 1 ÷ தே-யைச் செங்குத்து அச்சில் வையுங்கள், தாள்களின் எண்ணிக்கையைக் கிடையில். கிட்டத்தட்ட நேர்கோடு வரும். அந்தக் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல் கொஞ்சம் மேலே வெட்டினால் அது பிழை அல்ல: அலுமினியத்துக்கும் தாளுக்கும் நடுவில் சிக்கிய காற்று அது, தாள் எத்தனை வைத்தாலும் மாறாத ஓர் அடுக்கு. வெட்டிய உயரத்தைப் பரப்பாலும் வி-யாலும் பெருக்கினால் அந்தக் காற்றின் தடிமன் மீட்டரில் கிடைக்கும். புத்தகத்தை இன்னும் இரண்டு ஏற்றிவிட்டு மறுபடி அளந்தால் அந்த எண் குறைவதைப் பார்க்கலாம்.